அத்தையின் கைத்தடிக்குக் கட்டம் போட்ட பிடி

பூஜை அறைக் கதவில் தாமரையும் மணியும் செதுக்கித் தருகிற கம்ப்யூட்டர் மெஷினை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் கோவையில் மரக்கடைகள் இருக்கிற பக்கம் போனால் ‘சி.என்.சி. கட்டிங்’ என்ற போர்டு கண்ணில் படாமல் இருக்காது. நான் அங்கே போனது கதவுக்காக அல்ல, என் மாமியாரின் கைத்தடிக்காக!

அத்தைக்கு வயது 76. வலது முழங்கால் தேய்மானம். காலையில் எழுந்ததும் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பார். கை கழுவாமல் அப்படியே தடியைப் பிடிப்பார். பிடியோ வார்னிஷ் அடித்துக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு நாள் துவைக்கிற கல் பக்கத்தில் கை வழுக்கி, தடி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு மட்டும் வீங்கியது. ஆனால் அன்றிலிருந்து தெருமுனைப் பிள்ளையார் கோவிலுக்குக்கூடப் போவதை விட்டுவிட்டார். “நான் பாட்டுக்கு இங்கயே கிடக்கறேன், உனக்கெதுக்குக் கண்ணு சிரமம்” என்று கட்டிலே கதியென்று ஆகிவிட்டார். அவர் விழுந்ததைவிட இதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிடியில் துணி சுற்றிப் பார்த்தேன். இரண்டே வாரத்தில் அழுக்கேறி வாடை வந்தது. சைக்கிள் ரப்பரை மாட்டினேன், கை வியர்த்தது. அப்போதுதான் என் தம்பி வைத்திருக்கும் கத்தி ஞாபகத்துக்கு வந்தது. அதன் மரப்பிடியில் குறுக்கும் மறுக்குமாய் நுணுக்கமான கட்டங்கள் இருக்கும், ஈரக்கையிலும் நழுவாது. துப்பாக்கிக் கட்டையில் இப்படிக் கையாலேயே வெட்டுகிற வேலைக்காரர்கள் உண்டாம். ஓர் அங்குலத்தில் 20 கோடு வரைகூடப் போடுவார்களாம்.

வீட்டில் பழைய ஈட்டி மரக் கட்டில் ஒன்றின் உடைந்த கால் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போனேன். மெஷின் ஓட்டும் தம்பி, “கதவு, ஜன்னல்னா சொல்லுங்க்கா, இத்தனூண்டு வேலைக்கா வந்தீங்க?” என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, பென்சிலை எடுத்தார்.

வேலை என்னவோ நாம் டைமண்ட் பிஸ்கெட் வெட்டுகிற மாதிரிதான். சாய்வாக ஒரு வரிசைக் கோடு, அதற்கு எதிர்ச் சாய்வில் இன்னொரு வரிசை. கத்திக்குப் பதில், ‘வி’ எழுத்து மாதிரி கூரான ஒரு பிட், நிமிஷத்துக்கு 18,000 சுற்று சுற்றிக்கொண்டே கோடு இழுக்கிறது. இரண்டு வரிசைக்கும் நடுவே தப்பி நிற்கிற மரம் குட்டிக் குட்டிக் கோபுரங்களாகிவிடுகிறது. ஒவ்வொரு கட்டமும் அகலத்தைப் போல் மூன்று மடங்கு நீளம் இருந்தால் பார்க்க அழகு.

முதலில் ஒரு தேக்குத் துண்டில், கோட்டுக்குக் கோடு 1 மில்லிமீட்டர் விட்டுப் போட்டுப் பார்த்தார். முனையெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. ஈட்டி மரம் அதைவிடக் கெட்டி. அதில் 1.5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டதும் முனை நின்றது. ஆனால் பிடி வளைவாக இருக்கிறதே! பிட் ஒரே ஆழத்தில் போனால் நடுவில் பள்ளமாகவும் ஓரத்தில் கோடே இல்லாமலும் போகிறது. வளைவு ஏற ஏறப் பிட்டும் ஏறி இறங்கும்படி கம்ப்யூட்டரில் மாற்றினார். ஓரத்தைச் சுற்றி ஒரு பார்டர் கோடும் போட்டார்.

எனக்கு ஒரே பூரிப்பு. வீட்டுக்கு எடுத்து வந்து அத்தை கையில் கொடுத்தேன். ஐந்து நிமிஷம் பிடித்துவிட்டுக் கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள்! என் கைக்கு உறைக்காதது அவருக்குக் குத்துகிறது. வயதானவர்களின் தோல் எவ்வளவு மெலிசு என்று எனக்கே தோன்றியிருக்க வேண்டும். “பரவால்ல கண்ணு, பழகிக்குவேன்” என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

மறுபடி ஓடினேன். அந்தத் தம்பி கணக்குப் போட்டார். அவரிடம் இருப்பது 90 டிகிரி பிட், 0.75 மில்லிமீட்டர் ஆழம் போனால்தான் முனை ஊசியாகிறது. 0.6-லேயே நிறுத்தினால் தலை கொஞ்சம் தட்டையாக நின்றுவிடும். பிடிமானம் இருக்கும், குத்தாது. நானும் ஒன்று சொன்னேன். தடியில் பாரத்தைத் தாங்குவது உள்ளங்கை, இறுக்கிப் பிடிப்பது விரல்கள். ஆகவே மேல்புறத்தை வழவழப்பாகவே விட்டு, விரல் மடங்குகிற இரண்டு பக்கமும் மட்டும் கட்டம் போடலாமே? “இது எனக்குத் தோணலையே அக்கா” என்றார். (வீட்டில் யாரும் இப்படி ஒத்துக்கொள்வதில்லை!) ஒரு பக்கம் செதுக்கி, திருப்பிப் பிடித்து மறுபக்கம். மெஷின் வேலை அரை மணிகூட ஆகவில்லை. ஈட்டி மரத்தூள் சிலருக்கு அரிப்பும் தும்மலும் உண்டாக்கும். பக்கத்தில் நிற்பதானால் மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

வார்னிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம், கோடெல்லாம் அடைத்துக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெயை மெலிதாகத் தடவிக் காயவிட்டேன். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போட வேண்டும்.

பிடி மாட்டும்போதே தடியின் உயரத்தையும் சரிசெய்தோம். செருப்புப் போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே பிடி வர வேண்டும். வலி வலக்காலில் என்றால் தடி இடக்கையில். அத்தை இத்தனை நாளும் வலக்கையில் பிடித்துக்கொண்டிருந்தார், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்!

நாலு நாள் வீட்டுக்குள்ளேயே நடந்தார். ஐந்தாம் நாள் சாயந்திரம் நான் காபி கலந்துகொண்டிருந்தபோது கேட் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் பிள்ளையார் கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறார். வாசலிலேயே உட்கார்ந்து, “கட்டத்துக்குள்ள விபூதி பூந்துக்கிச்சு. ஒரு பழைய பல் தேய்க்கற பிரஷ் இருந்தா எடுத்துட்டு வா கண்ணு” என்றார்.