மழலையைத் திருத்த வேண்டுமா?



உங்கள் 2 வயதுக் குழந்தை "மாடு வந்தாங்க" என்கிறதா? இது அறிவுக் குறைவல்ல. "தாத்தா வந்தாங்க" என்று நீங்கள் சொல்வதைக் கேட்டு, அதே வழக்கை மாட்டுக்கும் பொருத்திவிட்டது.

"என்னைத் தூக்கு" என்பதற்கு "உன்னைத் தூக்கு" என்பதும் இப்படித்தான். "உன்னைத் தூக்கட்டுமா?" என்று நீங்கள் தினமும் கேட்கிறீர்கள். 'உன்னை' என்றால் தான்தான் என்று அது கணக்குப் போடுகிறது. யோசிக்கிற பிள்ளைதான் இப்படிப் பேசும்.

என்ன செய்யலாம்? கேலி செய்யாதீர்கள், அதட்டாதீர்கள். பயந்த பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். "ஆமா கண்ணு, மாடு வந்துச்சு" என்று சரியாகச் சொல்லிக்காட்டினால் போதும். வேலை முடிந்து வரும் தகப்பனும் குழந்தையோடு பேச வேண்டும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

* ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வராவிட்டால்
* 2 வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால்
* கூப்பிட்டால் திரும்பாவிட்டால்
* பேசிய பேச்சு நின்றுபோனால்

"அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று நாளைக் கடத்தாதீர்கள். காது கேளாமலும் இருக்கலாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பேச்சு வர வழி உண்டு.