எஞ்சின் இல்லாத வானம் – 17: காந்த முள்ளுக்குத் தடை

விமானம் ஏறி இறங்கும் வேகத்தைக் காட்டும் வேரியோமீட்டரும், எந்த வேகத்தில் பறப்பது என்று சொல்லும் மெக்கிரெடி வளையமும் சென்ற வாரம் முடிந்தன. கையில் இருக்கும் உயரம்தான் கிளைடர் பந்தயத்தின் பணம் என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். இந்த வாரம் மோதலைத் தடுக்கும் ஃபிளார்ம் கருவி பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு காந்த முள் வழிமறித்துவிட்டது.

உலக கிளைடர் போட்டிகளின் விதிகளை வகுப்பது எஃப்.ஏ.ஐ. என்ற சர்வதேச அமைப்பு. அதன் விதிகளில் ஒன்று இது: தரையோ தொடுவானமோ கண்ணுக்குத் தெரியாத நிலையிலும் பறக்க உதவும் கருவியைப் போட்டியில் பயன்படுத்தக் கூடாது. பம்பரம்போல் சுழலும் ஜைரோவை நம்பியிருக்கும் செயற்கைத் தொடுவானம் இதில் முதலில் அகப்படும். விமானம் திரும்பும் வேகத்தைக் காட்டும் கருவியும் அப்படித்தான். இரண்டுமே உயிர் காக்கும் கருவிகள். பயணிகள் விமானத்தில் செயற்கைத் தொடுவானம் இல்லாமல் ஓடுபாதையைவிட்டே கிளம்ப மாட்டார்கள். இப்படிப்பட்ட கருவிகளைப் பந்தயத்தில் ஏன் தடுக்க வேண்டும்?

மேகம்தான் காரணம். மேலே ஏறும் காற்றிலுள்ள ஈரம் மேகமாகத் திரளும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் வேகமாக மேலே தள்ளும். அதனால் மேகத்தின் அடிவயிற்றோடு நின்றுவிடாமல் உள்ளே நுழைபவருக்குக் கூடுதல் உயரம் கிடைக்கும். ஒரு கிலோமீட்டர் உயரத்தைக் கொண்டு 50 கிலோமீட்டர் சறுக்கும் விமானத்துக்கு, மேகத்துக்குள் திருடிய 500 மீட்டர் என்பது 25 கிலோமீட்டர். பந்தயம் நொடிக்கணக்கில் தீர்மானமாகும் நாளில் அது பெரும் சொத்து. ஆனால் மேலே ஏறும் அதே காற்றில் (தெர்மல்), அதே மேகத்துக்குக் கீழே, இன்னும் பல விமானங்கள் வட்டமடித்துக்கொண்டிருக்கும். உள்ளே போனவர் எப்போது, எந்தப் பக்கமாக வெளியே வருவார் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. விமானத்தில் இருக்கும் பதிவுக்கருவி இடத்தையும் உயரத்தையும் எழுதிவைக்கும். மேகம் எங்கே தொடங்கியது என்பதை எழுதிவைக்காது. குற்றத்தைப் பிறகு நிரூபிப்பது கடினம். அதனால்தான் விதி செயலோடு நிற்காமல், செயலைச் சாத்தியமாக்கும் கருவியின் மேலும் கை வைக்கிறது. விதிப்புத்தகங்களில் நான் படித்ததில் ஆகச் சிறந்த விவேகம் இதுதான். 1,400 மீட்டரில், முதுகில் வியர்வையோடு, எதிராளி மேலே ஏறிக்கொண்டிருப்பதைப் பார்க்கும் ஒருவரிடம் போய் ‘மனதைக் கட்டுப்படுத்து’ என்று சொல்லிப் பயனில்லை. அவர் தரையில் நிதானமாக இருக்கும்போதே அந்தக் கதவைச் சாத்திவிட வேண்டும்.

ஆனால் கருவியே இல்லாமல் மேகத்துக்குள் போய், உயிரோடு வெளியே வந்தவரும் உண்டு. ஜெர்மனியின் வாசர்குப்பே மலையில் 1926 ஆகஸ்டில் மாக்ஸ் கேகல் என்பவரை ஓர் இடிமேகம் அப்படியே உறிஞ்சி எடுத்துக்கொண்டது. அவர் விரும்பிப் போகவில்லை. சுமார் 55 கிலோமீட்டர் தள்ளி வந்து இறங்கினார். அது அன்றைய தூர சாதனை. அதற்குப் பிறகு காலமெல்லாம் ‘இடி மாக்ஸ்’ என்பதே அவர் பெயராயிற்று.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. வெளியே ஒன்றும் தெரியாதபோது நம் காதே நம்மை ஏமாற்றிவிடும். நம் உள்காதில் திரவம் நிறைந்த அரைவட்டக் குழாய்கள் மூன்று இருக்கின்றன. ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துச் சொம்பை மட்டும் சுழற்றிப் பாருங்கள். முதலில் தண்ணீர் பின்தங்கும். சற்று நேரத்தில் அதுவும் சேர்ந்து சுழலும். காதுக்குள்ளும் அதுதான் நடக்கிறது. ஒரே சீராக வட்டமடித்தால், சில நொடிகளுக்குப் பிறகு ‘நேராகப் போகிறேன்’ என்று காது சாட்சி சொல்லும். 1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவி பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை, வெளியே ஒன்றும் தெரியாத நிலையில் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். 20 பேரும் விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடிகள் தாக்குப்பிடித்தார்கள்.

சரி, ஜைரோ வேண்டாம். ஒரு நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டால் கீழ் எது, மேல் எது என்று அது காட்டிவிடாதா? காட்டாது. பேருந்து வளைவில் திரும்பும்போது ஓட்டுநருக்கு முன்னால் தொங்கும் எலுமிச்சை ஒரு பக்கம் ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். விமானம் திரும்பும்போது அதே அளவு தானும் சாய்ந்துகொள்கிறது. அதனால் எலுமிச்சை எப்போதும் விமானத்தின் தரையைப் பார்த்தே நேராகத் தொங்கும். எவ்வளவு சாய்ந்தாலும் ‘எல்லாம் சரி’ என்றே சொல்லும்.

இந்த இடத்தில்தான் போலி காம்பஸ் வருகிறது. போலி என்பது பெயர், சுவிட்சர்லாந்துக் கருவி. சாதாரண காம்பஸில் முள் படுக்கையாக மட்டுமே சுற்றும். இதில் முள் எல்லாத் திசையிலும் அசையும். பூமியின் காந்தப்புலம் ஜெர்மனி போன்ற இடங்களில் படுக்கையாக ஓடுவதில்லை. ஏறத்தாழ 65 டிகிரி சரிவில் தரைக்குள் பாய்கிறது. கட்டற்ற முள்ளும் அந்தச் சரிவிலேயே நிற்கும். அதாவது அது பாதி காம்பஸ், பாதி தூக்குக்குண்டு. ஆனால் எலுமிச்சையைப் போல ஏமாறாது, ஏனென்றால் அது எடைக்குக் கட்டுப்பட்டதல்ல. விமானம் வட்டமடிக்கும்போது முள்ளின் நுனி கண்ணாடிக் குமிழில் ஒரு வட்டம் போடும். வட்டத்தின் மையம் எவ்வளவு விலகியிருக்கிறதோ, விமானம் அவ்வளவு சாய்ந்திருக்கிறது. பேட்டரி இல்லை, பம்பரம் இல்லை. மேகத்துக்குள் வழிகாட்ட அந்த நுனி போதும். அதனால்தான் செயற்கைத் தொடுவானத்தோடு சேர்த்து இந்தக் காந்த முள்ளுக்கும் போட்டிகளில் தடை விழுந்தது.

இந்தக் கருவியைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தையல் ஊசி ஒன்றை எடுத்து, நடுவில் நூல் கட்டிச் சமநிலை பார்த்து, பிறகு காந்தத்தில் தேய்த்து, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். ஊசி வடக்கே திரும்பியது. தலையைக் குனியவில்லை, கிட்டத்தட்டப் படுக்கையாகவே நின்றது. நான் இருப்பது மதுரை. காந்தப்புலம் படுக்கையாகவே இருக்கும் பூமியின் காந்த நடுக்கோடு நமக்குச் சற்றுத் தெற்கே ஓடுகிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததே அந்தக் கோட்டுக்காகத்தான். திருநெல்வேலிப் பக்கம் ஒருவர் போலி காம்பஸோடு வடக்கு நோக்கிப் பறந்தால், விமானம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முள் அசையாது. ஜெர்மனியில் தடைசெய்ய வேண்டிய கருவி, நம் ஊரில் வடக்கே பறக்கும்போது வெறும் திசைகாட்டி! மூன்று நாளாக வீட்டுக்கு வருகிற எல்லோரையும் அந்த ஊசியின் முன் நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஜைரோ நகத்தளவு சில்லாகிவிட்டது. புதிய வேரியோமீட்டர்களிலேயே செயற்கைத் தொடுவானம் உள்ளடங்கி வருகிறது. போட்டி நாட்களில் அந்தத் திரையை மட்டும் பூட்டிவைக்கும் வசதியும் வந்துவிட்டது. விமானி சட்டைப்பையில் வைத்திருக்கும் கைப்பேசியிலும் அதே சில்லு இருக்கிறது. வயலில் இறங்க நேர்ந்தால் உதவிக்கு அழைக்க அந்தக் கைப்பேசி வேண்டும். அதை எப்படிப் பிடுங்குவது?

ஃபிளார்மிலும் இதே சிக்கல்தான் வேறு உருவில் வருகிறது. மோதலைத் தடுக்க 2004இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த அந்தச் சிறு பெட்டி, எதிராளி எங்கே, எவ்வளவு வேகமாக ஏறுகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. அதைத் தடை செய்ய முடியாது, உயிர் போகும். முழுதாகத் திறந்துவிடவும் முடியாது. அந்தப் பெட்டியை அடுத்த வாரம் கட்டாயம் திறந்துவிடுவோம்.

(தொடரும்)