தூண்டிலுக்கு ஒரு பச்சைக் கோடு!

ஞாயிற்றுக்கிழமை. குட்டி போட், கையில் தூண்டில், கூட நாலு ஃப்ரெண்ட்ஸ். அப்போ போய் 'இங்கே மீன் பிடிக்கக் கூடாது'னு சொன்னா கடுப்பாகுமா, ஆகாதா? ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பக்கம் 2004-ல் அந்தக் கடுப்புதான் அலையடித்தது.

அதுவரை அந்தக் கடல் பூங்காவில் 5 சதவிகிதத்துக்கும் குறைவான இடத்தில்தான் தடை. அந்த ஜூலை 1 முதல் 33 சதவிகிதம்! மேப்பில் பச்சை என்றால் நீந்தலாம், போட்டில் சுற்றலாம்... தூண்டில் மட்டும் நோ. மஞ்சளில் ஆளுக்கு ஒரு தூண்டில், ஒரே ஒரு முள். நீலத்தில் வழக்கம்போல ஜமாய்க்கலாம் (சைஸுக்கும் எண்ணிக்கைக்கும் லிமிட் உண்டு பாஸ்!).

வசதியான பார்ட்டி பெரிய போட்டில் தூரமாகப் போய்விடுவார். சின்ன போட்காரர் கரையோரத்தை விட்டால் எங்கே போவார்? அவர் கோபத்தில் நியாயம் இருக்கு.

சரி, பூட்டி வெச்சதில் என்ன லாபம்? இங்கேதான் டி.என்.ஏ. டெஸ்ட் என்ட்ரி! கெப்பல் தீவுகளில் குட்டி மீன்களுக்கு அப்பா, அம்மா யார் என்று தேடினார்கள் விஞ்ஞானிகள். அதில் முக்கியப் புள்ளி கோரல் ட்ரவுட். நம்ம களவா மீனுக்குச் சொந்தக்காரப் பயல். 2012-ல் வந்த ரிசல்ட் செம ஆச்சர்யம். அங்கே பவளத்திட்டுகளில் தடை ஏரியா 28 சதவிகிதம்தான். ஆனால், 30 கிலோமீட்டருக்குள் வந்து சேர்ந்த குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி, அந்த ஏரியா மீன்களோட வாரிசுகள்! பிடிக்க ஆளில்லாத இடத்தில் மீன் பெருசா வளரும். பெருசுகள் முட்டையும் அள்ளிவிடும். மிதந்து போகும் குஞ்சுகளுக்கு மேப் தெரியுமா என்ன? நீல ஏரியாவில் சிக்கியது பச்சை ஏரியாப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

எல்லோரும் உத்தமர்களா? பச்சை ஏரியாக்களிலும் அறுந்த தூண்டில் நரம்பு கிடந்திருக்கிறது. இப்போ ஜி.பி.எஸ்-ஸோடு அதிகாரபூர்வ மேப் மொபைலிலேயே இருப்பதால், 'கோடு தெரியலை சார்' என்ற பழைய சாக்கு அங்கே போணியாவதில்லை.