அரைச் சொட்டு டீசலும் ஒரு மெல்லிய தகடும்

வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் 5 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் 1500 சுற்றில் ஓடினால், மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எண்ணெய் பாயும்; ஆக, மணிக்கு 45,000 தடவை. வகுத்துப் பாருங்கள், தடவைக்கு அரைச் சொட்டுதான் தேறும். அதை அளந்து, சரியான நொடியில், வளிமண்டலத்தைப்போலச் சுமார் 200 மடங்கு அழுத்தத்தில் நாசிலுக்குத் தள்ளுவது ஒரு கையில் அடங்கும் எஃப்.ஐ. (ஃப்யூவல் இன்ஜெக்ஷன்) பம்ப்.

ருடால்ஃப் டீசல் 1897இல் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய இன்ஜினில் இது கிடையாது. அமுக்கிய காற்றைக் கொண்டு எண்ணெயை ஊதினார். அதற்கென்று தனி கம்ப்ரஸர் வேண்டும். பாஷ் நிறுவனம் 1927இல் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகுதான் லாரிகளில் டீசல் இன்ஜின் பரவலானது.

பம்புக்குள்ளே எண்ணெயைத் தள்ளும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவே இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். தலைமுடியே 70 மைக்ரான் தடிமன். ரப்பர் வளையம் எதுவும் இல்லை. இழைத்த இழைப்புதான் கசிவைத் தடுக்கிறது. இரண்டையும் ஜோடியாகவே இழைத்திருப்பதால் ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. அதனால் வீட்டில் பம்பைக் கழற்றலாம், பிரிக்கக்கூடாது. பிரிப்பது பம்ப் சர்வீஸ் கடைக்காரரின் வேலை.

கழற்றுவது பெரிய வித்தையில்லை. முதலில் வெளிப்புறத்தை டீசலால் கழுவ வேண்டும். டேங்க் வால்வை மூடி, பைப்புகளை அவிழ்த்ததும் திறந்த வாய்களைச் சுத்தமான பிளாஸ்டிக்கால் கட்டிவிடுங்கள். பனியன் வேஸ்ட் வேண்டாம்; அதன் ஒரு நூல் பிசிறு போதும், நாசில் அடைத்துக்கொள்ளும்.

போல்ட்டுகளை எடுத்துப் பம்பைத் தூக்கும்போது அடியில் பாருங்கள். எண்ணெயோடு எண்ணெயாக ஒட்டிக்கொண்டு மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். நான் முதல் தடவை ஒன்றை வேஸ்ட்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, மறுநாள் இன்ஜின் ஏன் 'டக் டக்' என்று அடிக்கிறது என்று விழித்தேன். ஷிம் குறைந்தால் பம்ப், அதை இயக்கும் கேமை நெருங்குகிறது. எண்ணெய் முந்திப் பாய்கிறது. கூடினால் பிந்தும், புகை கக்கும். எத்தனை இருந்தனவோ அத்தனையும் திரும்பப் போக வேண்டும்.

மாட்டும்போது பயப்பட வேண்டிய இடம் ஒன்றே. எண்ணெய் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக்கின் முனை, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கவட்டைக்குள் உட்கார்ந்ததா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். உட்காராமல் ரேக் முழு அளவில் நின்றுவிட்டால் இன்ஜின் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும்; நிறுத்த வழி தெரியாமல் ஓட வேண்டியதுதான்.

அடுத்து ஏர் எடுப்பது. காற்று அமுங்கும், டீசல் அமுங்காது என்றே சொல்லலாம். பைப்பில் குமிழி இருந்தால் பிளஞ்சர் தள்ளுவதெல்லாம் அதைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகும். டேங்க் வால்வைத் திறந்து, நாசில் பக்க நட்டைத் தளர்த்தி, டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றுங்கள். கசிவைப் பார்க்க விரலை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். குமிழி நின்றதும் நட்டை இறுக்கி மறுபடி சுற்றினால், நாசிலிலிருந்து 'கிர்... கிர்...' என்று சத்தம் வரும்.