உண்ணிக் கடியால் வரும் மூட்டழற்சி: அறிதலும் சிகிச்சையும்

1975-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், லைம் என்னும் ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குழந்தைகள் பலருக்கு முழங்கால் வீங்கியது. சிறார் முடக்குவாதம் என்றே முதலில் கருதப்பட்டது. ஒரே வட்டாரத்தில் இத்தனை குழந்தைகளுக்கு இது எவ்வாறு வரும் என்று தாய்மார் சிலர் வினவியதே ஆய்வுக்கு வழிவகுத்தது. யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஆலன் ஸ்டீரும் அவர்தம் குழுவினரும் 1977-இல் இந்த மூட்டழற்சியை விவரித்தனர். உண்ணியின் உடலில் வாழும் பாக்டீரியாவே இதற்குக் காரணம் என்பது 1982-இல் வெளியானது.

நம் பகுதியில் இந்நோய் அரிது. ஆயினும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலோ ஐரோப்பாவிலோ வாழும் பிள்ளைகளைக் காணச் சென்று, சில மாதம் தங்கித் திரும்பும் பெற்றோர் நம்மிடையே பலர் உள்ளனர். கடித்த உண்ணி எள்ளளவே இருக்கக்கூடும். கடித்தது தெரியாமலே போகலாம். தோலில் படரும் செந்தடிப்பும் எல்லோர் கண்ணிலும் படுவதில்லை. மூட்டு வீக்கம் பல மாதங்கள் கழித்தே தோன்றலாம். பெரும்பாலும் ஒரு முழங்காலில் நீர் மிகுதியாகக் கோத்திருக்கும். வீக்கத்தின் அளவுக்கு வலி இராது.

இத்தகைய முழங்காலுடன் வருபவரிடம் அண்மையில் எங்கெங்கே தங்கினார் என்று நாங்கள் கேட்பது இதனால்தான். நோயுள்ள இடத்துக்கே செல்லாதவருக்கு இரத்தப் பரிசோதனை தவறான முடிவைத் தரக்கூடும். சென்றவருக்கு எதிர்ப்பொருள் பரிசோதனையை இரு கட்டங்களாகச் செய்கிறோம். மூட்டழற்சி தோன்றும் காலத்தில் எதிர்ப்பொருள் அனேகமாக எல்லோரிடமும் காணப்படும். ஆகவே முடிவு 'இல்லை' என வந்தால் வேறு காரணத்தைத் தேடுகிறோம். சீழ்த்தொற்று, யூரிக் அமிலப் படிகம் ஆகியவை உண்டா என அறிய, ஊசியால் மூட்டுநீரை எடுத்தும் ஆராய்கிறோம்.

சிகிச்சையின் முதற்படி, பெரியவர்களுக்குப் பொதுவாக டாக்சிசைக்ளின் மாத்திரை, 28 நாட்கள். கருவுற்ற தாய்மாருக்கு அமாக்சிசிலின் தருகிறோம். வலி குறைந்ததென்று இடையில் நிறுத்தலாகாது. இம்மருந்து முடியுமுன் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவதையும் தவிர்க்கிறோம். வீக்கம் கணிசமாக எஞ்சினால் செஃப்ட்ரியாக்சோன் ஊசியை இரண்டு முதல் நான்கு வாரம் சிரைவழி செலுத்துகிறோம்.

அதன் பின்னும் சிலருக்கு வீக்கம் நீடிக்கும். 'கிருமி சாகவில்லை, இன்னும் மருந்து தாருங்கள்' என்று குடும்பத்தார் கலங்குவது இயல்பே. கிருமி நீங்கிய பின்னும் உடலின் எதிர்ப்பாற்றல் மூட்டுச் சவ்வில் அழற்சியை மூட்டியபடி இருப்பதே இதற்குக் காரணம். அந்நிலையில் கிருமிக்கொல்லியை நீட்டிப்பதால் பயனில்லை, பக்கவிளைவே மிகும். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளால் அழற்சியைத் தணிக்கிறோம். தேவைப்படின் சவ்வை அறுவை மூலம் அகற்றுவதும் உண்டு. எதிர்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் தங்கும்; ஆகவே குணமாயிற்றா என்றறிய அப்பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டியதில்லை.

காரணம் தெரியாமல் முழங்கால் வீங்கினால், சென்ற ஓராண்டில் மேற்கொண்ட வெளிநாட்டுப் பயணத்தை, நாங்கள் கேட்குமுன்னரே அருள்கூர்ந்து தெரிவியுங்கள்.