கல்விச் சாலைகள் (9): துடைப்பத்தை முதலில் எடுப்பவர் யார்?

சென்ற வாரம் சாந்திநிகேதனத்தின் மரத்தடி வகுப்புகளைக் கண்டோம். 1939-ஆம் ஆண்டில் அங்கே ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்த ஓர் ஆங்கிலப் பெண்மணி, அதற்கு முன் பத்தாண்டுக் காலம் நம் சென்னையில், பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு அருகிலுள்ள வேப்பேரியில், பெண்டிங்க் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தியவர் என்பதை, அச்சாலை வழியே அன்றாடம் பட்டணம் போய்வரும் மேற்குப் புறநகர்வாசிகளுள் மிகச் சிலரே அறிவர்.

மார்ஜரி சைக்ஸ் என்னும் அவ்வம்மையார் 1905-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மாவட்டத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் மிகுந்த மெக்ஸ்பரோ என்னும் ஊரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்று, 1928-இல் சென்னைக்கு வந்து, தமிழ் கற்று, பின்னர் வேப்பேரிப் பள்ளியின் தலைமைப் பொறுப்பையும் வகித்தவர். இங்கிருந்த நாட்களிலேயே குவேக்கர் என்று வழங்கும் நண்பர்கள் சங்கத்திலும் சேர்ந்தார். பதினேழாம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரால் தோன்றிய அச்சங்கத்தார், புரோகிதரும் சடங்கும் இன்றி மௌனமாக அமர்ந்து தெய்வத்தைத் தொழுபவர்கள், மனிதர் ஒவ்வொருவர் உள்ளத்திலும் தெய்வ ஒளி உண்டென்று நம்புவதால், பிரபுக்கள் முன்னும் தொப்பியைக் கழற்ற மறுத்தவர்கள், யுத்தத்தை ஒப்பாதவர்கள். யார்க்‌ஷயரிலேயே 1779-இல் ஆக்வர்த் என்னுமிடத்தில் பள்ளி கண்ட பழக்கமும் அவர்களுக்கு உண்டு. எல்லார் உள்ளத்திலும் ஒரே ஒளி என்பதை ஒப்புக்கொண்ட பின், படிக்கும் கை உயர்ந்தது, பெருக்கும் கை தாழ்ந்தது என்று ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்வதற்கு இடமேது?

ஆகவே, 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்து, ஜாகிர் ஹுசேன் குழு பாடத்திட்டமாக வகுத்த, கைத்தொழில் வழியே பாடங்களைக் கற்பிக்கும் ஆதாரக் கல்வி, சைக்ஸ் அம்மையாரின் மனத்தைக் கவர்ந்ததில் வியப்பில்லை. நாடு விடுதலை பெற்றபின், யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும் அவர் துணைவியார் ஆஷாதேவியும் சேவாகிராமத்தில் நடத்திவந்த அக்கல்விப் பணியில் அவரும் இணைந்து, ஆசிரியர்களைப் பயிற்றினார். அங்கே பிள்ளைகள் பஞ்சைக் கொட்டி, நூல் நூற்று, நூலின் நீளத்தையும் கூலியையும் கணக்கிடும்போதே கணிதம் கற்றார்கள். பருத்தி விளையும் மண்ணை விசாரிக்கும்போது பூகோளமும், நெசவு நசித்த காரணத்தை விசாரிக்கும்போது சரித்திரமும் தாமே வந்து சேர்ந்தன. சமையலும் துப்புரவும் பாடத்தின் அங்கங்களே; அவற்றில் ஆசிரியருக்கும் விலக்கில்லை. பின்னாளில் 1959-இல் கோத்தகிரிக்கு வந்து தங்கிய அம்மையார், அங்கும் சிறு சிறு குழுக்களாக ஆசிரியர்களைப் பழக்கினார்.

இவ்விடத்தில் தமிழ் வாசகர் ஒருவர் குறுக்கிட்டு, "கைத்தொழிற் கல்வி என்று சொல்லித்தானே 1953-இல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார்?" என்று கேட்பாரானால், அக்கேள்வி முற்றிலும் நியாயமானதே. கிராமத்துப் பிள்ளைகள் நாளில் பாதி நேரம் பள்ளியிலும், மீதி நேரம் தகப்பனார் தொழிலிலும் பழகட்டும் என்ற அத்திட்டத்தைக் குலக்கல்வி என்று கண்டித்துப் பெரியார் முதலானோர் கிளர்ந்தெழுந்தனர். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தையே கைவிட்டார். மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே போல் தோன்றும். ஆயினும், ஒன்றில் எல்லாப் பிள்ளையும் எல்லா வேலையும் செய்கிறது. மற்றொன்றில் வண்ணான் பிள்ளை வெளுக்கவும் குயவன் பிள்ளை பானை வனையவும் மட்டுமே போகிறது. முன்னது பிறப்பு வேலியைப் பிரிப்பது. பின்னது அவ்வேலிக்கு மேலும் ஒரு முள்ளைக் கட்டுவது.

நம் புறநகரோ கைத்திறனாலேயே வளர்ந்த பிரதேசம். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையும், 1960-களில் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும், ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் லேத்திலும் வெல்டிங்கிலும் தேர்ந்த எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிட்டன. எனினும், அத்தொழிலாளரே தம் மக்கள் கையில் கிரீஸ் படலாகாது என்று பிரார்த்திக்கும் நிலை இருப்பதற்குக் காரணம், உழைப்பு கடினம் என்பது மட்டுமன்று. அதற்கு மரியாதை இல்லை என்பதே. திருநின்றவூரை அடுத்த கசுவா கிராமத்தில் 1988 முதல் இயங்கிவரும் சேவாலயா, மகாகவி பாரதியார் பெயரில் கட்டணமில்லாப் பள்ளியையும், அதே வளாகத்தில் பசுக்கொட்டிலையும் முதியோர் இல்லத்தையும் இயற்கை வேளாண்மையையும் நடத்தி வருவது, அந்த மரியாதையைப் பிள்ளைப் பருவத்திலேயே ஊட்டுவதற்கு நம் பக்கத்திலேயே கிடைக்கும் ஒரு நல்ல சாட்சி.

ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் கழிப்பறை கழுவ ஏவுவது குற்றமேயன்றிக் கல்வியாகாது. தலைமையாசிரியர் முதலில் துடைப்பத்தை எடுக்க, அதன் பின் எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்துச் செய்வதே கல்வி. அடுத்த ஜூன் மாதத்தில் பள்ளி தேடிப் புறப்படும் பெற்றோர்கள், தேர்ச்சி விகிதத்தை விசாரிக்கும் அதே மூச்சில், "இங்கே வகுப்பறையைப் பெருக்குவது யார்?" என்றும் விசாரிக்க வேண்டும், கிடைக்கும் விடையைக் கொண்டே அப்பள்ளியின் தராதரத்தை நிர்ணயிக்கலாம்.

(தொடரும்)