காற்றை வரவாக்கிய ஊராட்சி

தெருவிளக்குக்கும் குடிநீர் விசைப்பம்புக்கும் செலுத்தும் மின்கட்டணம் ஊராட்சி வருவாயில் எவ்வளவு பெரிய பங்கை விழுங்குகிறது என்பதை வரவு செலவுக் கணக்கைப் பார்க்கும் உறுப்பினர்கள் நன்கறிவர். இச்சுமை குறைந்தாலன்றிப் பிற நற்பணிகளுக்குப் பணம் மிஞ்சாது.

கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி இதற்கு ஒரு வழி கண்டது. 2006-ஆம் ஆண்டில் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றைச் சுமார் ரூ.1.55 கோடி செலவில் அது நிறுவிற்று. ஒரு பகுதி ஊராட்சியின் சேமிப்பு. எஞ்சியது வங்கிக் கடன்.

காற்றாலை நிற்பது ஓடந்துறையில் அன்று, உடுமலைப்பேட்டைப் பக்கத்தில். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று அங்கு விரைந்து வீசுகிறது. விளையும் மின்சாரம் வாரியத்தின் கம்பியில் சேர, அவ்வளவு ஊராட்சியின் கணக்கில் வரவாயிற்று. மிஞ்சியதை விற்ற வருவாய் கடனடைக்க உதவிற்று. காற்றில்லாத ஊரும் காற்றாலைக்கு உரிமை பெற வழிவிட்ட அரசின் கொள்கையே, இயந்திரத்தினும் முதன்மையானது என நாம் கருதுகிறோம்.

எனினும், கண்ணை மூடிக்கொண்டு கடன் வாங்குதல் தகாது. காற்று ஆண்டு முழுதும் ஒரே சீராய் வீசுவதில்லை. வாரிய விதிகளும் மாறக்கூடியவை. முதலில் மூன்றாண்டு மின்கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள். பகலில் வீணே எரியும் விளக்குகளை அணையுங்கள். பின்னர் நடப்பு விதிகளைக் கேட்டறிந்து, மிச்சமாகும் தொகை கடன் தவணைக்குப் போதுமா என்று கணக்கிட்டு, கிராம சபையின் முன் வையுங்கள். கணக்கறிந்த ஊராட்சிக்கே காற்றும் வெயிலும் கைகொடுக்கும்.